உளூச் செய்யும்போது பாதத்தைப் பாருங்கள்



நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழுவுக்கு வரும் விண்ணப்பங்களில், டயாலிசிஸுக்காக வருபவைதான் மனத்தை மிகவும் கனக்கச் செய்கின்றன. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருக்க வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காவிட்டால் அது ஆயுளுக்கும் தொடரும். விண்ணப்பம் கொண்டுவருபவரிடம் நான் வழக்கமாக ஒன்று கேட்பேன்: "உடம்பில் முதன்முதலாக என்ன மாற்றத்தைக் கண்டீர்கள்?"

அண்மையில் வந்த ஒரு சகோதரர், பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர், சொன்ன பதில் இது: "ஒன்றரை வருஷத்துக்கு முந்தி, சுப்ஹுக்கு எழுந்தா முகம் ஊதியிருக்கும் பாய். தூக்கம் சரியில்லைன்னு நெனச்சேன். அப்புறம் காலும் வீங்குச்சு. மெடிக்கல்ல சொன்னேன், நீர் மாத்திரை கொடுத்தாங்க. நாலு நாள்ல வத்திருச்சு."

வீக்கம் வற்றிப்போனதுதான் அவருக்கு வினையாக முடிந்தது. வற்றியதால் அவர் மருத்துவரிடம் போகவில்லை. மறுபடி வீங்கியபோதெல்லாம் அதே மாத்திரையை வாங்கி விழுங்கியிருக்கிறார். உள்ளே சிறுநீரகம் கெட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ஆரம்பத்திலேயே சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஒரு பரிசோதனை செய்து, சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்திருந்தால், இந்த நாளைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட வாய்ப்பு இருந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார். அந்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

நான் மருத்துவன் அல்ல. இந்தக் குழுவில் இருந்த ஆண்டுகளில் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் படித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். நீர்வீக்கம் தனியாக ஒரு நோயல்ல. உள்ளே எங்கோ ஒரு கோளாறு இருப்பதற்கான அடையாளம் அது.

நீர் ஏன் தேங்குகிறது?

நமது உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் தண்ணீர். அதில் மூன்றில் இரண்டு பங்கு உயிரணுக்களுக்கு உள்ளே இருக்கிறது. மீதியில் கொஞ்சம் இரத்தத்திலும், பெரும்பகுதி உயிரணுக்களுக்கு இடையே உள்ள சந்துகளிலும் இருக்கிறது. இந்தச் சந்துகளுக்கும் இரத்தத்துக்கும் இடையே, மயிரிழையைவிட மெல்லிய தந்துகிக் குழாய்களின் சுவர் வழியாக, நீர் ஓயாமல் போய் வருகிறது. இதயம் தரும் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. இரத்தத்தில் உள்ள அல்புமின் என்னும் புரதம் நீரை உள்ளே பிடித்து வைக்கிறது. இந்தத் தள்ளலையும் இழுப்பையும் 1896இல் விளக்கியவர் இங்கிலாந்தின் எர்னஸ்ட் ஸ்டார்லிங். அப்படியும் வெளியே மிஞ்சுகிற நீரை நிணநீர்க் குழாய்கள் சேகரித்து, கழுத்தருகே மறுபடியும் இரத்தத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன.

இந்த ஏற்பாட்டில் எது கெட்டாலும் சந்துகளில் நீர் தேங்கும். இதயம் பலவீனமாகி இரத்தத்தை முன்னோக்கி இறைக்க முடியாவிட்டால் பின்னால் அழுத்தம் கூடும். சிறுநீரகம் உப்பை வெளியேற்றாமல் நிறுத்திக்கொண்டால், உப்போடு தண்ணீரும் நின்றுவிடும். அல்புமின் சிறுநீரில் ஒழுகிப்போனாலோ, அதைத் தயாரிக்கும் கல்லீரல் கெட்டாலோ, நீரை உள்ளே பிடித்து வைக்க ஆள் இருக்காது. கிருமித் தொற்று, தீக்காயம், ஒவ்வாமை ஆகியவற்றில் தந்துகியின் சுவரே கசியத் தொடங்கும். நிணநீர்க் குழாய் அடைபட்டால் வடிகால் இல்லாமல் போகும்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். உடம்பு முழுவதும் பரவும் வீக்கத்தில், சுமார் இரண்டரை, மூன்று லிட்டர் நீர் கூடுதலாகச் சேர்ந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும் என்கிறார்கள். அதற்கு முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. சாப்பாடு கூடாமல் இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை அல்ல, தண்ணீர். இதய நோயாளி இருக்கும் வீட்டில் எடை பார்க்கும் கருவி ஒன்று இருப்பது நல்லது.

மதரஸாவில் ஓதும் காலத்தில் 'இஸ்திஸ்கா' என்ற சொல்லை மழை வேண்டித் தொழும் தொழுகையின் பெயராக மட்டுமே அறிந்திருந்தேன். தண்ணீர் கேட்பது என்பது அதன் பொருள். பின்னர்தான் யூனானி மருத்துவத்தில் நீர்வீக்க நோய்க்கும் அதே பெயர் என்று தெரிந்தது. 1037இல் மறைந்த இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' நூலில் இதை மூன்றாகப் பிரிக்கிறார். உடல் சதை முழுவதும் ஊறுவது லஹ்மீ. வயிறு தண்ணீர்த் தோற்பை போலத் தொங்குவது ஸிக்கீ. நம் ஊரில் மகோதரம் என்பார்கள். வயிறு முரசு போல உப்பித் தட்டினால் ஓசை தருவது தப்லீ. உடம்பெல்லாம் நீர் தேங்கியிருக்க, நாக்கு மட்டும் தண்ணீர் கேட்கிறதே, அந்தத் தாகத்தை வைத்துத்தான் இந்தப் பெயர் என்று எங்கள் உஸ்தாத் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

காலையில் முகம், மாலையில் கால்

ஒரு நாளில் ஐந்து வேளை முகத்தையும் கைகளையும் கால்களையும் கழுவுகிறோம். வீக்கம் முதலில் தெரிகிற இடங்களும் இவைதாம். கழுவுகிற நேரத்தில் கொஞ்சம் பார்த்துக் கழுவினால் போதும்.

சுப்ஹு உளூவில் கண் இமையும் கன்னமும் கனத்து, நேரம் ஏற ஏற வடிகிறதா? சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது, கண்ணைச் சுற்றியுள்ள தளர்ந்த தோலில் நீர் சேர்ந்துகொள்கிறது. சிறுநீர் நுரைத்து, அந்த நுரை அடங்காமல் நின்றால் புரதம் போகிறது என்று சந்தேகிக்கலாம்.

இதற்கு மாறாக, காலையில் சரியாக இருக்கும் கால் இஷாவுக்கு வரும்போது செருப்பு கொள்ளாமல் வீங்குகிறதா? நீர் கீழ்நோக்கி இறங்குகிறது. இதயமாக இருக்கலாம், காலின் நாளங்களாகவும் இருக்கலாம். தையல் மெஷினில் உட்கார்ந்தே இருப்பவர்கள், கடையில் நாள் முழுக்க நிற்பவர்கள், பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நிற்பவர்கள் ஆகியோருக்கு நாளங்களின் அடைப்பிதழ் தளர்ந்து நரம்பு சுருண்டு புடைக்கும். கணுக்காலுக்கு மேலே தோல் பழுப்பாகக் கறுத்திருந்தால் பெரும்பாலும் இதுதான்.

இதயமா என்று அறிய மூச்சைக் கவனியுங்கள். ருகூவுக்கும் ஸஜ்தாவுக்கும் குனியும்போது மூச்சு முட்டுகிறது, தட்டையாகப் படுக்க முடியாமல் தலையணை இரண்டு மூன்றாகிறது, நடு இரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது என்றால், வயதாகிவிட்டது என்று நாற்காலியில் தொழத் தொடங்குவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். நாற்காலியில் தொழுங்கள், மறுநாளே இதயப் பரிசோதனைக்கும் போங்கள். இளஞ்சிவப்பு நுரையோடு இருமலும் கடும் மூச்சுத் திணறலும் வந்தால் நுரையீரலுக்குள்ளேயே நீர் கோத்துவிட்டது. விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

வீக்கத்தைச் சோதிப்பது எளிது. கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது கட்டைவிரலை வைத்துப் பத்து எண்ணும்வரை அழுத்தி எடுங்கள். குழி விழுந்து, மெல்ல நிரம்பினால் அது நீர்வீக்கம். இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றால் வரும் வீக்கத்தில் குழி விழும். தைராய்டு சுரப்புக் குறைவிலும் நாட்பட்ட யானைக்காலிலும் பெரும்பாலும் விழாது. படுக்கையிலேயே கிடக்கும் பெரியவர்களுக்குக் காலில் ஒன்றும் தெரியாமல், இடுப்புக்குக் கீழே முதுகுப் பக்கம் நீர் சேரும். உடம்பு துடைத்துவிடும்போது அங்கே அழுத்திப் பார்க்க வேண்டும்.

கல்லீரலைப் பற்றி ஒரே ஒரு சொல். வயிற்றில் நீர் கோத்தவரைப் பார்த்ததும், இவர் இரகசியமாகக் குடிப்பவரோ என்று பேசுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மஞ்சள் காமாலை வகையான ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளாலும், சர்க்கரையும் உடல் பருமனும் சேர்ந்து கல்லீரலில் கொழுப்பு படிவதாலும் அதே நிலை வரும். வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாதவர் அந்தப் பேச்சுக்குப் பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

ஒரு கால் மட்டும் வீங்கினால்

இரு கால்களும் சேர்ந்து வீங்கினால் கோளாறு பெரும்பாலும் உடம்பின் உள்ளுறுப்பில். ஒரு கால் மட்டும் வீங்கினால் அந்தக் காலிலேயே. திடீரென ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி வலித்தால், உள்நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். அறுவை சிகிச்சைக்குப் பின் படுத்திருந்தவர், பிரசவித்த பெண், உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ பல மணி நேரம் விமானத்தில் காலை அசைக்காமல் உட்கார்ந்து வந்தவர் ஆகியோருக்கு இது வரலாம். தைலம் தேய்த்து நீவிவிடுவது நம் வீடுகளில் முதல் வைத்தியம். இங்கே அதைச் செய்யவே கூடாது. உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பெருக்கும் கால் வேறு. யானைக்கால் நோய் நம் கடலோர ஊர்களில் பெரியவர்கள் பலரைப் பிடித்திருக்கிறது. சாக்கடையிலும் தேங்கிய கழிவுநீரிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசு நுண்புழுவைப் பரப்புகிறது. வளர்ந்த புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் தங்கி அவற்றைக் கெடுக்கின்றன. நுண்புழுக்கள் இரவில்தான் இரத்தத்தில் அதிகம் நடமாடும். சுகாதாரத் துறையினர் இரவில் வந்து விரல் நுனியில் இரத்தம் எடுத்ததற்குக் காரணம் இதுதான். அவர்கள் வீடு வீடாகத் தந்த டிஇசி மாத்திரையை வாங்கி ஓட்டின்மேல் எறிந்தவர்களும் உண்டு. பக்கத்து நாடான இலங்கை, இந்த நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

கெட்டுப்போன குழாயைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம். ஆனால் கால் மேலும் பெருக்காமல் தடுக்க முடியும். இந்தக் காலுக்கு அடிக்கடி காய்ச்சலோடு நெறிகட்டி வருமே, ஒவ்வொரு முறை வந்து போகும்போதும் வீக்கம் ஒரு படி கூடுகிறது. அந்தக் காய்ச்சலுக்குக் காரணம் புழு அல்ல. விரல் இடுக்கின் சேற்றுப்புண் வழியாகவும் பித்தவெடிப்பு வழியாகவும் நுழையும் பாக்டீரியாக் கிருமிதான் பெரும்பாலும் காரணம். ஆகவே சிகிச்சையின் முதற்பாடம் தண்ணீரும் சோப்பும். தினமும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். விரல்களின் இடுக்குகளையும் மடிப்புகளையும் ஈரம் இல்லாமல் ஒற்றித் துடைக்க வேண்டும். புண்ணுக்கு மருந்து போட வேண்டும். உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைத்து, பாதத்தை மேலும் கீழும் அசைக்க வேண்டும். செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. உளூவில் கால் விரல்களைக் கோதிக் கழுவுவது நமக்குச் சுன்னத். கழுவுவதில் நாம் குறை வைப்பதில்லை, துடைப்பதில்தான் குறை. ஐந்து வேளை நனைந்த கால் ஐந்து வேளையும் ஈரத்தோடே செருப்புக்குள் போனால் சேற்றுப்புண் ஆறாது. சட்டைப்பையில் ஒரு சிறு துண்டு இருக்கட்டும். ஆறாத புண் உள்ளவர்களுக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. இமாமிடம் கேட்டு அதன்படி நடக்கலாம்.

இந்த நோய் தொட்டால் ஒட்டாது, ஒரே ஹவுளில் உளூச் செய்வதாலும் ஒட்டாது. கால் பெருத்துவிட்டது என்ற கூச்சத்தால் ஜமாஅத்துக்கு வருவதை நிறுத்தி வீட்டிலேயே தொழும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பள்ளிவாசல் நிர்வாகிகள் உளூக் குழாய்களின் ஓரத்தில் இரண்டு உயரமான இருக்கைகள் போட்டால், குனியாமல் உட்கார்ந்து கழுவ அவர்களுக்கு வசதியாக இருக்கும்.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட சகோதரிகளுக்கு, அக்குளின் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால், அந்தப் பக்கத்துக் கை இதே காரணத்தால் வீங்கலாம். நோய் திரும்பிவிட்டதோ என்று பயந்து மறைக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கைக்கான பயிற்சியும் அழுத்த உறையும் இருக்கின்றன.

மாத்திரையாலும் வீங்கும்

இரத்த அழுத்தத்துக்குப் பலரும் சாப்பிடும் அம்லோடிபின் சிலருக்குக் கணுக்கால் வீக்கத்தைத் தரும். அந்த வீக்கத்துக்கு நீர் மாத்திரை அவ்வளவாக உதவாது. அழுத்த மாத்திரையை நாமாக நிறுத்தினால் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடலாம். மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மாத்திரை தருவார். சர்க்கரைக்கான பயோகிளிட்டசோன், ஸ்டீராய்டு மருந்துகள் ஆகியவையும் நீரைச் சேர்க்கும். எல்லாவற்றையும்விட மோசம், மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் நாமாக வாங்கிப் போடும் டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள். அவை உப்பையும் நீரையும் நிறுத்துவதோடு சிறுநீரகத்தையும் கெடுக்கின்றன. பெயரும் உட்பொருளும் எழுதாத பொட்டலத்தில் வரும் 'மூட்டுவலிப் பொடி'களில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது.

நீர் மாத்திரை நல்ல மருந்துதான். மருத்துவர் எழுதித் தந்தால் விடாமல் சாப்பிட வேண்டும். காரணம் தெரியாமல் சாப்பிட்டால் பொட்டாசியமும் சோடியமும் இறங்கி, முதியவர்களுக்குத் தலைசுற்றலும் தசைப் பிடிப்பும் மனக்குழப்பமும் வரும். அடையாளமும் அழிந்துவிடும்.

பெண்கள், பிள்ளைகள்

"பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்கத்தானே செய்யும்" என்று மாமியார் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு முகமும் கைகளும் திடீரென வீங்கி, மோதிரம் இறுகி, தலைவலியோ கண் மங்கலோ மேல்வயிற்று வலியோ சேர்ந்தால், அன்றே இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து. வலிப்பு வந்த பிறகு ஓடுவதைவிட முன்பே போவது மேல்.

சிறு பிள்ளைக்குக் காலையில் முகம் உப்பி, பிறகு வயிறும் காலும் பெருத்தால், பிள்ளை சதை போட்டிருக்கிறான் என்று மகிழ வேண்டாம். சிறுநீரில் புரதம் ஒழுகும் நெஃப்ரோடிக் நோயாக இருக்கலாம். பெரும்பாலான பிள்ளைகள் ஸ்டீராய்டு சிகிச்சையில் குணமாகிறார்கள். ஆனால் நோய் திரும்பத் திரும்ப வரக்கூடியது. வீக்கம் வடிந்ததும் மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது. மருந்தோ உணவோ பூச்சிக்கடியோ பட்டு உதடும் நாக்கும் வீங்கினால் அது நிமிடக் கணக்கில் மூச்சை அடைக்கக்கூடியது. அப்போது கை வைத்தியத்துக்கு நேரம் கிடையாது.

நோன்பு காலத்தில்

இதய, சிறுநீரக நோயாளிகள் ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. நீர் மாத்திரை சாப்பிடுபவர் நோன்பு வைக்கலாமா, மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்பதை அவர்தான் சொல்ல முடியும். வைக்கக் கூடாது என்று அவர் சொன்னால், நோயாளிக்குரிய சலுகை சூரத்துல் பகராவின் 184, 185ஆம் வசனங்களில் இருக்கிறது. கழாவா, ஃபித்யாவா என்பதை ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். மாத்திரையை விட்டுவிட்டு நோன்பை மட்டும் பிடித்து, பெருநாளன்று மருத்துவமனையில் கிடந்தவர்கள் உண்டு.

உலகச் சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சொல்லும் உப்பு 5 கிராமுக்குள், ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. நோன்புக் கஞ்சி, வடை, சமோசா, ஸஹருக்கு ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் என்று வைத்தால் அந்த அளவை எளிதில் தாண்டிவிடும். வீக்கம் உள்ளவருக்கு உப்பைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் குறைத்துப் பயனில்லை. உப்பு தாகத்தைக் கிளப்பும். 'குறைந்த சோடியம்' என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் பழுதானவருக்கு அது ஆகாது. 'நீரை இறக்கும்' என்று நாம் அன்போடு கொடுக்கும் இளநீர், இஃப்தாரின் பேரீச்சம்பழம், வாழைப்பழம் ஆகியவற்றிலும் பொட்டாசியம் நிறைய உண்டு. நல்ல சிறுநீரகத்துக்கு அவை நல்லவை. பழுதான சிறுநீரகம் உள்ளவருக்கு எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்க வேண்டும். சுன்னத்துக்காக ஒரு பேரீச்சம்பழம் மட்டும் என்று அனுமதிப்பவர்கள் பலர்.

வீக்கம் கண்டால் முதலில் பார்க்க வேண்டியவை இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், இரத்தத்தில் சர்க்கரை, கிரியாட்டினின், ஹீமோகுளோபின், ஈசிஜி. பிறகு தேவைப்பட்டால் கல்லீரல், தைராய்டு, எக்கோ. அடிப்படைப் பரிசோதனைகளுக்கு அரசு மருத்துவமனைகளில் வசதி இருக்கிறது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை எடுக்காதவர்கள் எடுத்துவிடுங்கள், டயாலிசிஸும் அதில் அடங்கும்.

இனி ஒவ்வொரு மாதமும் முதல் ஜும்ஆவுக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்தில் இரத்த அழுத்தமும் எடையும் சிறுநீர்ப் புரதமும் இலவசமாகப் பார்க்கப்படும். பெண்களுக்குத் தனி இடமும் பார்க்க ஒரு சகோதரியும் உண்டு. வரும்போது வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்துப் பொட்டலம் இருந்தால் அதையும், ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

வஸ்ஸலாம்.

செயலாளர்